இன்றைக்குச் செய்தது

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை எட்டு மணிக்கே வெயில். ஆடிக் காற்று பலம், ஆனால் புழுதியைத்தான் கொண்டுவருகிறது. கொடியில் போட்ட துணியை மறுபடி அலசினேன்.

பத்து மணிக்கு எபிரேய வகுப்பு, போனில். ஏழாம் பாடம். ஷைனி டீச்சர் கேரளாவிலிருந்து எடுக்கிறார். இஸ்ரேலில் பத்து வருடம் முதியவர்களைப் பார்த்துக்கொண்டவர். நாங்கள் நாற்பத்திரண்டு பேர். எல்லோரும் அதே வேலைக்குத்தான். பாதிப் பேர் வீடியோவை அணைத்துவிட்டுச் சமைக்கிறார்கள், குக்கர் சத்தம் கேட்கிறது.

இன்றைக்கு ஃப்ரிட்ஜ். எது புதியது, எது கெட்டது.

தரீ: புதியது. ரொட்டி, மீன், முட்டை, காய்.
ரஅனான்: ஆளுக்குச் சொல்வது. தூங்கி எழுந்து முகம் கழுவியவர் மாதிரி.
அவீர் ட்ஸாஹ்: நல்ல காற்று. பெரியவரைச் சாயங்காலம் வெளியே அழைத்துப் போக.
மாயிம் மெதூகீம்: உப்பில்லாத தண்ணீர். இனிப்புத் தண்ணீர் என்கிறார்கள். நாம் நல்ல தண்ணி என்போம்.
மெகுல்கால்: கெட்டது. பாலுக்கும் சொல்லலாம், ஓடாத லிஃப்டுக்கும் சொல்லலாம்.
பாக் தோகெஃப்: தேதி முடிந்தது.
லா-பஹ்: குப்பைக்கு.

டீச்சர்: "சந்தேகம் வந்தா கேக்கணும் கேட்டோ. 'ஸெ தரீ?' இது ஃப்ரெஷ்ஷா? அப்படிக் கேக்கறது மரியாதை. கேக்காம எடுத்துக் கொடுத்தாதான் குத்தம்."

கேட்பது மரியாதை. இதை நோட்டில் கோடு போட்டுக்கொண்டேன். யாரை எப்போது இப்படிக் கேட்டிருக்கிறேன் என்று யோசித்தேன். ஒருத்தரும் நினைவுக்கு வரவில்லை.

வரும் திங்கள் இன்டர்வியூ. கடலோர ஊர் ஒன்று. எண்பத்தெட்டு வயதுப் பெரியவர். அவருடைய மகள் வீடியோவில் பேசுவாராம். நர்சிங் அசிஸ்டென்ட் சர்டிபிகேட்டும் காஞ்சிபுரம் நர்சிங் ஹோமில் மூன்று வருட அனுபவமும் இருப்பதால் என் பெயர் முதலில்.

கிடைத்தால் அம்மாவைப் பெரிய வீட்டு வேலையிலிருந்து நிறுத்திவிடுவேன். இங்கே மட்டும் எழுதுகிறேன். வேறு யாரிடமும் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 6, புதன்

அம்மா பத்தரைக்கு வந்தாள், கையில் தூக்கு. பெரிய வீடு (இனி பெ.வீ.) ஏரிக்கரைக்கு அந்தப் பக்கம். நிலம் எல்லாம் அவர்களுடையது. நான் பிறப்பதற்கு முன்பிருந்தே அம்மா அங்கே மாட்டுக் கொட்டகை கூட்டுகிறாள், பாத்திரம் தேய்க்கிறாள். அப்பா இறந்த வாரத்தில் ஒரு நாள்தான் போகவில்லை.

அங்கே வழக்கம் இது. ராத்திரி மிஞ்சியது காலையில் நமக்கு. அவர்கள் நாஷ்டா முடித்த பிறகு, பின்வாசலில், உயரத்திலிருந்து ஊற்றுவார்கள். நம் பாத்திரம் அவர்கள் பாத்திரத்தில் படக்கூடாது. வாங்கும்போது ஒன்றும் கேட்கக்கூடாது. கேட்கக்கூடாது என்று யாரும் சொன்னதில்லை. கேட்டவர்களும் இல்லை.

முன்பெல்லாம் ஒரு ராத்திரிப் பழசு. ஃப்ரிட்ஜ் வாங்கிய பிறகு நாலு நாள் பழசு. வசதி அவர்களுக்கு வரவர நமக்கு வருவது இன்னும் பழசாகிறது. இதில் இன்னொன்று. சில்லென்று இருக்கும்போது வாடை தெரியாது. அம்மா ஏரிக்கரை தாண்டி வீடு சேர்வதற்குள் வாடை விழித்துக்கொள்ளும்.

இன்று சாம்பார் சாதம். அம்மா மூடியைத் திறந்து முகர்ந்தாள்.

"லேசா ஊசிக்கீது. ஒரு கொதி உட்டா செரியாப் பூடும்."

"கொட்டிடும்மா."

"உனுக்கு இன்னா, மூக்கு பெருசாப் பூட்ச்சி."

ஊசியது, புளித்தது, நொதித்தது, காறியது, நூல் விட்டது, பூசணம் பூத்தது, சிக்கு வாடை. எங்கள் தெருவில் கெட்டதற்கு எத்தனை சொல். ஒவ்வொன்றும் ஒரு தீர்ப்பு: இதைக் கொதிக்க வைக்கலாம், இதைப் புளி போட்டு மறைக்கலாம், இதைக் கோழிக்குப் போடலாம். புதியதற்கு 'பிரஷ்ஷு' ஒன்றுதான். அதுவும் டிவி விளம்பரத்திலிருந்து.

நான் சாப்பிடவில்லை. அம்மா சாப்பிட்டாள், முழுவதும்.

ஆகஸ்ட் 7, வியாழன்

விடிவதற்குள் அம்மாவுக்கு வாந்தி. நாலு தடவை. பிறகு வயிற்றாலும். உத்திரமேரூர் ஆஸ்பத்திரிக்கு ஷேர் ஆட்டோவில். வழியெல்லாம் தோளில் சாய்ந்துகொண்டு, "டீசல் வாடதான் ஒத்துக்கல" என்றாள்.

நர்ஸ் கேட்டார், "நேத்து இன்னாம்மா சாப்ட்ட?"

"வூட்ல வடிச்ச சோறுதான் மேடம்."

"பழசு எதனா?"

"ஐயய்ய, இல்ல மேடம். காத்தால செஞ்சது."

நான் பக்கத்திலேயே நின்றேன். மாட்டிவிடுவது போலப் பேச வாய் வரவில்லை. பெ.வீ. ஆட்கள் காதில் விழாத இடத்தில்கூட அவர்களைக் காப்பாற்றுகிறாள். அல்லது தன்னைத்தான் காப்பாற்றிக்கொண்டாளோ. வெள்ளை உடுப்புப் போட்ட ஒரு பெண் முன்னால், நாலு நாள் சோறு தின்றவள் ஆக வேண்டாம் என்று.

உப்பு சர்க்கரைப் பொட்டலம் ஆறு. மாத்திரை. ஒரு ஊசி.

திரும்பி வந்து பாயில் படுத்ததும் முதல் பேச்சு: "நாளிக்கி எனுக்குப் பதிலா நீ போ. ரெண்டு நாளு போவலன்னா வேற ஆள வெச்சிக்குவாங்க."

நர்சிங் ஹோமில் ராத்திரி ட்யூட்டியாகப் பார்த்து உடம்பு கெட்டு வேலையை விட்டவள் நான். ஏழு மாதமாக இந்த வீடு அம்மாவின் கையில்தான். மறுக்க எனக்கு என்ன இருக்கிறது.

ஆகஸ்ட் 8, வெள்ளி

ஆறு மணிக்குப் பெ.வீ. மாட்டுக் கொட்டகை, வாசல், பாத்திரம். கை இன்னும் சாம்பல் வாடை.

வீட்டம்மா நல்லபடியாகத்தான் பேச்சைத் தொடங்கினார்.

"வா பொண்ணு. எஸ்தருக்கு இன்னா?"

"வாந்திங்க."

"கண்டதத் துன்னுவா."

ஒன்பதரைக்குப் பின்வாசல். ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த டப்பா, மூடியெல்லாம் வேர்த்திருந்தது. புளிக்குழம்பு ஊற்றிப் பிசைந்த சோறு. நான் தூக்கை நீட்டினேன். கரண்டி மேலே போயிற்று. அப்போது கேட்டேன்.

"இது எப்ப பண்ணதுங்க?"

சாதாரணமாகத்தான் கேட்டேன். மூன்று நாளாக 'ஸெ தரீ?' என்பதையே படித்துக்கொண்டிருந்ததால் நாக்கில் இருந்திருக்கும். கரண்டி நின்றது. உள்ளே மிக்ஸியும் நின்றது. மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"இன்னா கேட்ட?"

"எப்ப பண்ணதுன்னு கேட்டேங்க. அம்மாவுக்கு ஒடம்பு சரியில்ல, அதான்."

"அப்ப எங்க வூட்டு சோத்தத் துன்னுதான் வாந்தி எடுத்தாளா?"

"அப்படிச் சொல்லலீங்க."

சொல்லவில்லை. ஆமாம் என்று சொல்லியிருக்க வேண்டும். சொல்லவில்லை.

வீட்டம்மா மருமகள் பக்கம் திரும்பி, "இஸ்ரேலு போறவங்களுக்கு நாம எல போட்டு சுடச்சுடப் பரிமாறணும்மா" என்றார். மருமகள் சிரித்தாள். அவள் என் வகுப்பில் படித்தவள், பத்தாவது வரை. கணக்கு நோட்டு என்னிடம்தான் வாங்கிப் போவாள்.

கரண்டிச் சோறு டப்பாவுக்குள் திரும்பிப் போயிற்று. மூடி. டப்பா ஃப்ரிட்ஜுக்குள். "வேணும்றவங்க வாங்கிக்குவாங்க."

காலித் தூக்கோடு வந்தேன். ஏரிக்கரை வரைக்கும் உடம்பு லேசாக, காற்று நன்றாக இருந்தது. அவீர் ட்ஸாஹ் என்று வாய்விட்டே சொல்லிப் பார்த்தேன். தெருக் குழாய்க்கு வந்ததும் பயம் பிடித்துக்கொண்டது.

ஆகஸ்ட் 9, சனி

பெ.வீ.யிலிருந்து காலை ஐந்தரைக்கே போன். வர வேண்டாம் என்று. அவ்வளவுதான்.

அம்மா போனை வைத்துவிட்டு என்னைப் பார்த்தாள். நடந்ததைச் சொன்னேன்.

"எத்தினி வருசம்டி. நான் ஒரு நாளு வாயத் தொறந்து கேட்டிருப்பனா?"

"கேக்காததாலதாம்மா ஆஸ்பத்திரிக்குப் போனோம்."

"கேட்டா குடுக்க மாட்டாங்க. இதுகூடத் தெரில. மூட்ட மூட்டயா புக்கு படிச்சிக்கினு கீற."

"குடுக்காட்டிப் போவுது."

"சோறு குடுக்காட்டிப் போவுது. வேல? நீ ப்ளேன் ஏறிப் பூடுவ. ஏறாம பூட்டியின்னா?"

நின்றால் தலை சுற்றுகிறது என்றவள் சேலை மாற்றிக்கொண்டு கிளம்பினாள். கூட வருகிறேன் என்றேன். "நீ வந்துதான் இந்த லட்சணம்" என்றாள்.

பன்னிரண்டுக்குத் திரும்பினாள். கையில் தூக்கு இல்லை.

"சேத்துக்கினாங்க."

"இன்னா சொன்ன?"

"இன்னா சொல்றது. பொண்ணு தெரியாம கேட்டுட்சின்னேன்."

முகத்தை வேறு பக்கம் வைத்துக்கொண்டு சொன்னாள். இனிமேல் வீட்டுக்கு எடுத்துப்போக வேண்டாமாம். அங்கேயே, கொட்டகை ஓரமாக உட்கார்ந்து, அவர்கள் பார்க்கத் தின்றுவிட்டுப் போக வேண்டுமாம். ஊரில் போய்க் குறை சொல்லாமல் இருக்க.

"இன்னிக்கேவா?"

"ம்."

"எது? அந்தப் புளிக்குழம்பா?"

"நல்லாத்தாங் கீது. நீதான் பெருசு பண்ட்ட."

உப்பு சர்க்கரைத் தண்ணீர் கலக்கிக் கொடுத்தேன். குடித்தாள். திங்கள் வர இன்னும் இரண்டு நாள். எனக்கு வேலை கிடைக்கிறவரை என் அம்மா அங்கே உட்கார்ந்து தின்பாள். நான் கேட்ட ஒரு கேள்விக்கு.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போகவில்லை. அம்மா போனாள், பெ.வீ. வேலை முடித்துவிட்டு. கொட்டகை ஓரம் பத்து நிமிடம் உட்கார்ந்து சாப்பிட்டாளாம். நான் கேட்கவில்லை, அவளே சொன்னாள். குழந்தை பள்ளிக்கூடத்தில் என்ன செய்தேன் என்று சொல்கிற மாதிரி.

பக்கத்து வீட்டு சரோஜாக்கா எட்டிப் பார்த்து: "இன்னா ரெபேக்கா, அங்க குண்டு போடறானுங்களாமே. டிவில காட்றான். நீ போயி இன்னா பண்ணப் போற?"

"பெரியவரப் பாத்துக்கணும்க்கா."

"அவர நீ பாத்துப்ப. உன்ன யாரு பாத்துப்பா?" சிரித்துக்கொண்டே கொத்தமல்லி கேட்டு வாங்கிப் போனாள்.

நூலகத்தில் எடுத்த ரஷ்ய நாவல், அறுநூறு பக்கம், முடிந்தது. பக்கத்துக்குப் பக்கம் வேலைக்காரர்கள் தட்டுகளைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். எந்தப் பக்கத்திலும் அவர்கள் சாப்பிடுவதில்லை. எழுதியவருக்குத் தெரியாதா, அல்லது எழுதினால் நாவல் கெட்டுவிடுமா.

சாயங்காலம் டீச்சர் ஒத்திகை வைத்தார். காய்ந்த ரொட்டியைக் காட்டி, "நாலு நாள் ஆச்சு."

"ஸெ லோ தரீ. லா-பஹ்." இது புதியதில்லை. குப்பைக்கு.

"பர்ஃபெக்ட். நாளைக்கும் இதுதான். பயப்படாதே மோளே. பேர் வேற அவங்க பேர். சந்தோஷப்படுவாங்க."

ஆம், பெயர் அவர்களுடையது. எஸ்தர், ரெபேக்கா. இந்தத் தெருவில் பாதிப் பெயர் அங்கிருந்து வந்ததுதான். பெயர் மட்டும் எப்போதோ கடல் தாண்டி வந்துவிட்டது.

ஆகஸ்ட் 11, திங்கள்

மத்தியானம் மூன்றரை. சுவரில் காரை பெயர்ந்த இடம் தெரியாமலிருக்க அம்மாவின் நீலச் சேலையைத் தொங்கவிட்டோம். அதற்குப் பின்னால்தான் அம்மா, மூச்சுவிடாமல்.

பெரியவரின் மகளுக்கு அறுபது வயது இருக்கும். குட்டை முடி, கண்ணாடி. நல்ல முகம். பெயரைச் சொன்னதும் "ரிவ்கா! ரிவ்கா!" என்று இரண்டு தடவை. பின்னால் நாற்காலியில் பெரியவர் தூங்குகிறார், வாய் திறந்து. அவரை 'அபா' என்கிறார். அவர்களுக்கும் அப்பா அப்பாதான்.

நடக்க வைப்பது, குளிப்பாட்டுவது, மாத்திரை. எல்லாம் சரியாகச் சொன்னேன். பிறகு மகள் போனை எடுத்துக்கொண்டு சமையலறைக்குப் போய் ஃப்ரிட்ஜைத் திறந்தார்.

பால் டப்பா, தேதியைக் காட்டினார். பாக் தோகெஃப். சரி.
வெள்ளரிக்காய். புதியவை என்றேன். சரி, தட்டிக்கொடுப்பது போலக் கையை ஆட்டினார்.
பிறகு ஒரு சின்னப் பாத்திரம். மூடியைத் திறந்தார். கோழியும் சோறும். எத்மோல், என்றார். நேற்று. அபா பாதிதான் சாப்பிட்டார். இன்று நீ என்ன செய்வாய்?

பதில் தெரியும். நோட்டில் இருக்கிறது, நேற்றுகூடச் சொன்னேன். குப்பைக்கு. இல்லையென்றால் முகர்ந்து பார், கேள். வாய் திறந்தது. வந்தது இது:

"எத்மோல், அனீ ஓகெலெத். அபா, தரீ."

நேற்றையது, நான் சாப்பிடுகிறேன். அப்பாவுக்குப் புதியது.

எந்தப் பாடத்திலும் இது இல்லை. யாரும் சொல்லித்தரவில்லை. அந்த மொழியில் நானாகச் செய்த முதல் வாக்கியம்.

அந்தப் பெண் நெஞ்சில் கையை வைத்துக்கொண்டார். பக்கத்தில் யாரிடமோ வேகமாக ஏதோ சொன்னார், இரண்டு பேரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பு இல்லை. "மோதெக்" என்றார் என்னைப் பார்த்து. கண்ணே என்கிற மாதிரி.

அம்மா சேலைக்குப் பின்னாலிருந்து வந்து, "இன்னா கேட்டாங்க? இன்னா சொன்ன?"

தமிழில் சொன்னேன்.

"நல்லாத்தான சொல்லிக்கீற. அதுக்கேன் மூஞ்சி இப்டிக் கீது?"

வெள்ளிக்கிழமை வீட்டம்மா மேல் கோபம். சனிக்கிழமை அம்மா மேல். இன்றைக்கு யார் மேல்? அந்தப் பெண் என் பாத்திரத்தில் ஒன்றும் ஊற்றவில்லை. கடலுக்கு அந்தப் பக்கம் இருக்கிற ஃப்ரிட்ஜுக்கு முன்னால் நானே போய்த் தூக்கை நீட்டினேன்.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

எடுத்துவிட்டார்கள்.

டீச்சர் போனில் கத்தினார். "இனி வேற ஆளக் காட்ட வேண்டாம்னு சொல்லிட்டாங்க. அந்த ஒரு பதில்ல விழுந்துட்டாங்க மோளே. எல்லாப் பொண்ணும் குப்பைக்கு, குப்பைக்குன்னு சொல்லும். நீதான்..."

"தப்பாச் சொல்லிட்டேன் டீச்சர். வாய் தவறி வந்தது."

"தப்போ? அதான் சரி. பொருள வீணாக்காத பொண்ணு, அடக்கமான பொண்ணுன்னு சொன்னாங்க."

செய்ய வேண்டியது: மெடிக்கல், போலீஸ் சர்டிபிகேட், போட்டோ 4 (வெள்ளைப் பின்னணி), பாஸ்போர்ட் நகல். விசாவுக்கு மூன்று மாதம் ஆகலாம், கூடவும் ஆகலாம்.

அம்மாவிடம் சொன்னேன். அழுவாள் என்று நினைத்தேன். அரிசி களைந்துகொண்டே, "எந்த மாசம்?" என்றாள்.

"தெரியாது. நீ நாளையிலிருந்து பெரிய வூட்டுக்குப் போவாத."

"மொதல்ல நீ ஏறு. அப்பறம் பாத்துக்கலாம்."

"அங்க ஒக்காந்து துன்றியேம்மா."

"நீ அங்க போயி நின்னுகினு துன்னுவ. போடி."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். நிஜமாகவே வேடிக்கைக்காகத்தான் சொன்னாள். அவளுக்கு அதில் மனவருத்தம் ஒன்றும் இல்லை. இரண்டு பேருக்கும் வேலை நிலைத்துவிட்டது, அவ்வளவுதான்.

ஆகஸ்ட் 13, புதன்

மேகமூட்டம், மழை இல்லை. அம்மா ஆறு மணிக்கே போய்விட்டாள்.

பத்து மணி வகுப்பு. எனக்கு இனி வகுப்பு கட்டாயமில்லை, பழக்கத்தில் சேர்ந்தேன். டீச்சர் திரையில் ஏழாம் பாடத்தைக் காட்டினார். அடியில் புதிதாக ஒரு கேள்வி: 'நேற்றைய சாப்பாடு மிச்சம். என்ன செய்வாய்?' அதற்கு மாதிரி விடை, சிவப்பு எழுத்தில். என் வாக்கியம். இலக்கணம் மட்டும் திருத்தியிருக்கிறார்.

"ரெபேக்கா சொன்னது. எல்லாரும் மனப்பாடம் பண்ணணும். மைக் ஆன் பண்ணுங்க."

நாற்பத்தொரு குரல். முன்னும் பின்னுமாக, குக்கர் சத்தத்துக்கு நடுவில், ஒரு குழந்தையின் அழுகைக்கு நடுவில். நேற்றையது நான் சாப்பிடுகிறேன். மறுபடி. நேற்றையது நான் சாப்பிடுகிறேன். சிலர் சிரித்தார்கள். யாரும் இது ஏன் என்று கேட்கவில்லை. எல்லோருக்கும் எளிதாக வந்துவிட்டது. வெள்ளரிக்காய் என்ற ஒரு சொல்லுக்கு ஒரு வாரம் தடுமாறியவர்கள்.

வகுப்பு முடிந்ததும் குழுவில் குரல் பதிவுகள் வரிசையாக. எனக்குத் தனியாக ஒன்று, கலைவாணி, அரக்கோணம், இருபத்தொரு வயது.

"யக்கா, வெள்ளிக்கெயம எனுக்கு இன்ட்ரூவு. நீ சொன்னத சொல்லிக்கீறேன், கரெக்டா கீதான்னு கேட்டு சொல்லுக்கா. எங்கம்மா பக்கத்துலயே ஒக்காந்துகினு கீது."

பிறகு வாக்கியம். மூன்று தடவை கேட்டேன். பின்னால் அவள் அம்மா மெதுவாக, "நல்லா சத்தமா சொல்லு."

இப்படிச் சொல்லாதே என்று எழுதினேன். அழித்தேன். சொல்லாவிட்டால் அந்த வேலை சொல்கிற இன்னொருத்திக்குப் போகும். மணி பதினொன்று. வழக்கமாக வரும் நேரம் தாண்டியும் அம்மா வரவில்லை. இன்னும் அங்கே உட்கார்ந்திருப்பாள்.

எழுதி அனுப்பினேன்: 'சரியாக இருக்கிறது. ஓகெலெத் மட்டும் இன்னும் கொஞ்சம் தெளிவாகச் சொல்.'